எக்ஸ்5-ஆ, எக்ஸ்சி90-ஆ? ராத்திரி சார்ஜ் எங்கே என்பதில் தொடங்கும் கணக்கு

சிங்கப்பூரின் அலெக்சாண்ட்ரா சாலையில் பிஎம்டபிள்யூ காட்சியறையிலிருந்து வோல்வோ காட்சியறைக்கு நடந்தே போய்விடலாம். பெரிய குடும்ப எஸ்யூவி வேண்டும், முழு மின்காருக்கு மனம் இன்னும் துணியவில்லை, மலேசியப் பயணத்தில் பெட்ரோல் கைகொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வாசலிலும் ஏறி இறங்குகிறார்கள். ஒரு பக்கம் எக்ஸ்5 எக்ஸ்டிரைவ்50இ, மறுபக்கம் எக்ஸ்சி90 டி8. இரண்டுமே பிளக்-இன் ஹைபிரிட். பெட்ரோல் இன்ஜினும் உண்டு, சுவரில் செருகி சார்ஜ் செய்யும் பேட்டரியும் உண்டு.

விற்பனையாளர் குதிரைத்திறனில் தொடங்குவார். அதை ஓரமாக வையுங்கள். சிங்கப்பூரில் இந்த இரண்டுக்கும் நடுவே முடிவு சொல்லும் விஷயங்கள் மூன்று: இரவில் கார் எங்கே நிற்கிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள், காரை இறக்கும்போது சுங்கத்துறை மதிப்பிடும் விலையான ஓஎம்வி (திறந்த சந்தை மதிப்பு) எவ்வளவு. மின்சாரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது இந்த மூன்றுக்கும் அடுத்துதான் வருகிறது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்ப்போம்.

இயந்திரம் இரண்டு விதம்

எக்ஸ்5 50இ-யில் 2,998 சிசி ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின். 145 கிலோவாட் மோட்டார் எட்டு கியர் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 360 கிலோவாட், 700 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.8 விநாடியில் தொடும். மோட்டாரின் சக்தியும் கியர் பெட்டி வழியாகவே போவதால், மின்சாரத்தில் ஓடினாலும் பெட்ரோலில் ஓடினாலும் நான்கு சக்கரமும் இயங்கும்.

எக்ஸ்சி90 டி8 வேறு வகை. 1,969 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின் முன்சக்கரங்களை மட்டும் இயக்குகிறது. பின்சக்கரங்களுக்குத் தனியாக 107 கிலோவாட் மோட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் இடையே சுழலும் தண்டு இல்லை. அந்தத் தண்டு போகும் நடுச்சுரங்கத்தில் பேட்டரியை வைத்துவிட்டார்கள். மூன்றாம் வரிசை இருக்கைகள் பிழைத்ததற்கு இதுவே காரணம். பேட்டரி தீர்ந்துவிட்டதாகத் திரை காட்டினாலும் பின்மோட்டாருக்கென்று கொஞ்சம் இருப்பு வைத்திருக்கும். இன்ஜினோடு இணைந்த மின்னாக்கியும் உதவும். ஆனால் ஏழு பேரோடு, பேட்டரி காலியாக, நீண்ட ஏற்றத்தில் போகும்போது இரண்டு லிட்டர் இன்ஜின் மூச்சு வாங்குவது காதில் விழும். எக்ஸ்5-இன் ஆறு சிலிண்டர் அந்த நேரத்திலும் சத்தம் போடாமல் இழுக்கும். ஓட்டும் சுகம் மட்டும் போதும் என்றால் விடை இங்கேயே கிடைத்துவிட்டது. மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

பேட்டரி எக்ஸ்5-இல் மொத்தம் 29.5 யூனிட், பயன்படுத்தக் கிடைப்பது 25.7. எக்ஸ்சி90-இல் மொத்தம் 18.8, பயன்படுவது 14.7. ஏர்கான் ஓயாமல் ஓடும் நம் ஊரில், நெரிசலும் விரைவுச்சாலையும் கலந்த ஓட்டத்தில், முதலாவது 85 முதல் 95 கிலோமீட்டர், இரண்டாவது 55 முதல் 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. விளம்பரத் தாளில் இருப்பது ஆய்வக எண். நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது சக்கரத்துக்குப் போகும் மின்சாரத்தைவிட ஏர்கான் கம்ப்ரசர் குடிப்பது அதிகமாக இருக்கும் நேரங்கள்கூட உண்டு.

செருகும் இடம்

தரைவீட்டுக்காரருக்கு இது பெரிய பாடில்லை. வாசலில் சார்ஜர், ராத்திரி மாட்டினால் காலையில் நிறைந்திருக்கும். ஆனால் மின்சார வாகன மின்னூட்டுச் சட்டம் 2023 டிசம்பர் 8 முதல் நடப்பில் இருக்கிறது. சார்ஜர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் வகை ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும், சுவரில் பொருத்திய சார்ஜரைப் பதிவு செய்தாக வேண்டும், பொருத்துபவர் உரிமம் பெற்ற மின்பணியாளராக இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி, சமையலறை வழியாக வயர் இழுத்து வாசலில் மாட்டும் வேலை ஆகாது. பழைய தரைவீடுகளில் ஒரு கட்ட (சிங்கிள் ஃபேஸ்) மின் இணைப்புதான் இருக்கும். 32 ஆம்பியர் சார்ஜர், மூன்று அறை ஏர்கான், தண்ணீர் சூடேற்றி மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் முதன்மை பிரேக்கர் தட்டிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் எக்ஸ்5-இன் சார்ஜ் ஆம்பியரைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. 16 ஆம்பியரே போதும் என்கிற வோல்வோ இங்கே தொந்தரவு தராது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கதை வேறு. 2030-க்குள் தீவு முழுவதும் 60,000 சார்ஜ் முனைகள் என்பது அரசின் இலக்கு. வீவக கார் நிறுத்துமிடங்களில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று முனை என்று திட்டம் போட்டு வைத்துக்கொண்டே வருகிறார்கள். பெரும்பாலும் 7.4 கிலோவாட் ஏசி (மாறுதிசை மின்சார) வகை. இங்கே தெரிந்திருக்க வேண்டிய நுணுக்கங்கள் மூன்று.

முதலாவது, இரண்டு கார்களும் ஒரு கட்ட மின்சாரத்தை மட்டுமே ஏற்கும். எக்ஸ்5 7.4 கிலோவாட் வரை இழுக்கும். டி8 வண்டிகள் பல ஆண்டுகளாக 3.7 கிலோவாட்டோடுதான் வந்தன. வாங்கப்போகும் வண்டியின் விவரத்தாளில் கார் ஏற்கும் ஏசி திறன் எவ்வளவு என்ற அந்த ஒற்றை வரியைத் தேடிப் படியுங்கள். 22 கிலோவாட் என்று எழுதிய முனையைப் பார்த்து மகிழ வேண்டாம். அது மூன்று கட்டமும் சேர்ந்த கணக்கு. எக்ஸ்5 அதில் ஒரு கட்டத்தை எடுத்துக்கொண்டு 7.4-இலேயே நிற்கும். 11 கிலோவாட் முனை இன்னும் மோசம். அதில் ஒரு கட்டத்துக்கு 16 ஆம்பியர்தான் வரும். ஆகவே எக்ஸ்5-உம் 3.7-க்கு இறங்கிவிடும். சார்ஜர் பழுது, கார் பழுது என்று புகார் கொடுப்பவர்களில் பலருக்கு உண்மையில் இதுதான் நடந்திருக்கும். இரண்டுக்குமே டிசி வேகச் சார்ஜ் கிடையாது. பெட்ரோல் நிலையத்தில் நிற்கும் பெரிய வேகச் சார்ஜரில் இவற்றுக்கு வேலை இல்லை.

இரண்டாவது, கேபிள். சில முனைகளில் கேபிள் தொங்கும், சிலவற்றில் வெறும் சாக்கெட் மட்டுமே இருக்கும், நாம்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கேபிள் டைப் 2 வகை, 32 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். 16 அல்லது 20 ஆம்பியர் கேபிளை மாட்டினால், கேபிளுக்குள் இருக்கும் மின்தடை அதன் தாங்குதிறனைச் சார்ஜருக்குச் சொல்லிவிடும். 7.4 கிலோவாட் முனையிலும் பாதி வேகமோ அதைவிடச் சற்றே கூடுதலோதான் வரும்.

மூன்றாவது, பலரும் கார் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடிப்பது: இரண்டு காரிலும் சார்ஜ் துளை முன்பக்க இடது சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. நம்மூரில் எல்லோரும் பின்னால் எடுத்து நிறுத்துகிறோம். சார்ஜர் பின்சுவரில் இருக்கும். கார் நீளமோ 4.9 மீட்டருக்கு மேல். சுவரிலிருந்து பின்பம்பரைத் தாண்டி, இடதுபுறமாக முன்சக்கரம் வரை வர வேண்டும் என்றால் 5 மீட்டர் கேபிள் இழுத்துப்பிடித்துத்தான் எட்டும். வலதுபுறத் தூணில் சார்ஜர் இருந்தால் எட்டவே எட்டாது. ஏழரை மீட்டர் கேபிள் வாங்குங்கள், இல்லையென்றால் மூக்கை உள்ளே விட்டு நிறுத்தப் பழகுங்கள். இரவு பத்து மணிக்கு நான்காம் தளத்தில், பக்கத்து வண்டிக்கும் நம் கதவுக்கும் நடுவே இருக்கும் முழத்துண்டு இடத்தில், மழை ஈரத்தோடு அழுக்கேறிய கேபிளைச் சுருட்டிக் காரின் பின்சாமான் பெட்டியில் போடும்போதுதான் இந்தக் காரை வாங்கியதன் தினசரி விலை தெரியும். கேபிளுக்கு ஒரு ரப்பர் பையும் பழைய துண்டு ஒன்றும் வைத்துக்கொள்வது நல்லது.

நேரக் கணக்கில் ஒரு வேடிக்கை. காலியிலிருந்து நிரம்ப எக்ஸ்5-க்கு 7.4 கிலோவாட்டில் நான்கு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். 3.7 கிலோவாட் வோல்வோவுக்கு நான்கரை முதல் ஐந்து மணி. காத்திருப்பு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒன்று தருவது 85-க்கு மேல், மற்றது 55. சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காவிட்டால் சில நிறுவனங்கள் தனிக்கட்டணம் போடுகின்றன. இரவு 9-க்கு மாட்டினால் நள்ளிரவு தாண்டி இறங்கிவந்து எடுக்க வேண்டியிருக்குமா என்று உங்கள் புளோக்கில் இயங்கும் நிறுவனத்தின் செயலியில் பார்த்துவிடுங்கள்.

கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடி என்றால், கார் வாங்கும் முன் நிர்வாகக் குழுவிடம் பேசுங்கள். முனைகள் எத்தனை, முன்பதிவு உண்டா, விருந்தினரும் பயன்படுத்தலாமா, யூனிட் விலை என்ன என்று கேளுங்கள். முனையே இல்லை, அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசலாம் என்கிற பதில் வந்தால், பிளக்-இன் ஹைபிரிட் யோசனையையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

மிச்சமாகும் பணம் எவ்வளவு?

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 41. பெட்ரோல் தள்ளுபடி போக லிட்டர் 2.80 வெள்ளி, பொதுச் சார்ஜர் யூனிட் 65 காசு, வீட்டு மின்சாரம் 30 காசு. சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு எக்ஸ்5 சுவரிலிருந்து 30 யூனிட்டும் வோல்வோ 28 யூனிட்டும் இழுக்கும். பெட்ரோலில் மட்டும் ஓடினால் முதலாவது 10 லிட்டர், இரண்டாவது 9.5 லிட்டர். விலைகள் மாறும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், வடிவம் பெரிதாக மாறாது.

சார்ஜே செய்யாமல் ஓட்டினால் எக்ஸ்5-க்கு 1,500 லிட்டர், 4,200 வெள்ளி. வோல்வோவுக்கு 1,425 லிட்டர், 3,990 வெள்ளி.

வீவக முனையில் ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் செய்தால், இரண்டு நாளுக்கான 82 கிலோமீட்டரை எக்ஸ்5 ஏறக்குறைய முழுக்க மின்சாரத்திலேயே ஓட்டிவிடும். வெளியூர்ப் பயணங்களைக் கழித்து 90 விழுக்காடு என்போம். மின்சாரம் 2,633, பெட்ரோல் 420, மொத்தம் 3,053 வெள்ளி. வோல்வோ 65 விழுக்காடுதான் மின்சாரத்தில் ஓடும். மின்சாரம் 1,775, பெட்ரோல் 1,397, மொத்தம் 3,172.

தரைவீட்டில் தினமும் மாட்டினால் எக்ஸ்5 90 விழுக்காடு, வோல்வோ 80 விழுக்காடு. முதலாவதுக்கு 1,635 வெள்ளி, இரண்டாவதுக்கு 1,806.

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு பேட்டரிக்கும் நடுவே 11 யூனிட் வித்தியாசம். அதனால் ஆண்டுக்கு மிச்சமாவது 120 முதல் 170 வெள்ளி. சாலை வரியோ எதிர்த்திசையில் போகிறது. ஹைபிரிட் காருக்கு இன்ஜின் கொள்ளளவின்படி ஒரு கணக்கு, மோட்டார் சக்தியின்படி ஒரு கணக்கு, இரண்டில் எது அதிகமோ அதுதான் வரி. இந்த இரண்டு காரிலும் இன்ஜின் கணக்கே ஜெயிக்கிறது. 2,998 சிசிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,380 வெள்ளி, 1,969 சிசிக்கு ஏறத்தாழ 1,180. பெரிய பேட்டரி மிச்சப்படுத்திய 170 வெள்ளியைப் பெரிய இன்ஜினின் 1,200 வெள்ளி விழுங்கிவிடுகிறது. "மின்சாரத்தில் நூறு கிலோமீட்டர் போகும், அதனால் செலவு குறையும்" என்று சொல்லி யாராவது எக்ஸ்5-ஐ விற்றால் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். எக்ஸ்5-ஐ வாங்கக் காரணங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் சிக்கனம் இல்லை.

வீவகக்காரருக்கு இன்னொரு எண். சார்ஜ் செய்யாத எக்ஸ்5-க்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் செய்யும் எக்ஸ்5-க்கும் ஆண்டு வித்தியாசம் 1,150 வெள்ளி அளவில் வருகிறது. ஆண்டுக்கு 180 முறை மாட்டிக் கழற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஆறு வெள்ளி சொச்சம். வோல்வோவில் நான்கரை வெள்ளி. சார்ஜ் முடிந்தும் எடுக்காததற்கான தனிக்கட்டணம் ஒரே ஒரு முறை விழுந்தால் அந்த இரவின் மிச்சம் போய்விடும். ஆறு வெள்ளிக்காகக் கீழே இறங்குவீர்களா என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் அலுத்துவிடும் என்று தோன்றினால், கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோல் காரைத்தான் ஓட்டப்போகிறீர்கள்.

ஓஎம்வி என்னும் வழுக்குப்பாறை

கார் வைத்திருக்க வாங்க வேண்டிய பத்தாண்டு உரிமைச் சான்றிதழான சிஓஇ இரண்டுக்குமே பி பிரிவுதான். அதில் வித்தியாசம் இல்லை. உண்மையான மேடு பள்ளம் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் இருக்கிறது. 2023 பட்ஜெட்டில் வந்த படிநிலை இது: ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140, அடுத்ததற்கு 190, அடுத்ததற்கு 250, 80,000-க்கு மேல் போகும் ஒவ்வொரு வெள்ளிக்கும் 320.

80,000 ஓஎம்வி காருக்கு இந்தக் கட்டணம் 136,000 வெள்ளி. 90,000 என்றால் 168,000. பத்தாயிரம் வெள்ளி வித்தியாசத்துக்கு 32,000 கூடுகிறது. 20 விழுக்காடு கலால் வரி, அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லாம் சேர்த்தால், அந்தப் பத்தாயிரம் உங்கள் கையில் 45,080 வெள்ளியாக வந்து விழுகிறது. இதில் விற்பனையாளரின் லாபம் இன்னும் சேரவில்லை. தொழிற்சாலையில் பொருத்தி வரும் பெரிய சக்கரம், உயர்ரக ஒலிபெருக்கி, கூரைக் கண்ணாடி எல்லாம் ஓஎம்வியை ஏற்றுபவை. 80,000 கோட்டுக்கு மேலே ஒவ்வொரு சொகுசும் நான்கரை மடங்கு விலைக்கு வருகிறது. அதனால் இரண்டு காருக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "ஓஎம்வி எவ்வளவு? இந்த வசதிகள் இல்லாத ரகத்துக்கு எவ்வளவு?" பிரசுரத்தில் இல்லாவிட்டாலும் விற்பனையாளருக்குத் தெரியும்.

முன்பெல்லாம் கட்டியதில் பாதியாவது பத்தாம் ஆண்டில் திரும்பி வரும் என்ற ஆறுதல் இருந்தது. 2023இல் திரும்பக் கிடைக்கும் தொகைக்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு போட்டார்கள். இந்த வகைக் கார்களுக்கு அது உடனே பிடித்தது. 136,000 கட்டினாலும் 168,000 கட்டினாலும் அந்த வரம்பைத் தாண்டித் திரும்பவில்லை. 2026இல் திரும்பக் கிடைக்கும் தொகையை இன்னும் குறைத்துவிட்டார்கள். எந்த விதி பொருந்தும் என்பது கார் பதியும் காலத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வாரத்தில் நடப்பில் உள்ள விதியை ஆணையத்தின் இணையப் பக்கத்திலேயே பாருங்கள், பழைய மாதத் தேய்மானக் கணக்கை நம்ப வேண்டாம்.

அரசுச் சலுகை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மின்கார்களை முன்கூட்டியே வாங்குவோருக்கான ஊக்கத்தொகை முழு மின்கார்களுக்கு மட்டும். வாகனப் புகைத் திட்டத்தில் பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு அதிகாரபூர்வக் கரிம எண்ணோடு, செலவழிக்கும் ஒவ்வொரு வாட்-மணிக்கும் 0.4 கிராம் கரிமத்தைச் சேர்க்கிறார்கள். கிலோமீட்டருக்கு 240 வாட்-மணி எடுக்கும் காருக்கு அதுவே 96 கிராம். ஐரோப்பியப் பிரசுரத்தில் இருபது முப்பது கிராம் என்று இருப்பதைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இங்கே வந்து திகைக்கக்கூடாது. அதோடு, எந்த மாசில் கார் மோசமோ அதுவே தள்ளுபடியா, கூடுதல் கட்டணமா என்ற பிரிவைத் தீர்மானிக்கும்.

கடன்: 20,000-க்கு மேல் ஓஎம்வி உள்ள காருக்கு விலையில் 60 விழுக்காடு வரை, ஏழு ஆண்டு. மீதி கையிலிருந்து.

ஏழு பேரா, ஐந்து பேரா

இதில் பேச அதிகமில்லை. எக்ஸ்5 50இ ஐந்து இருக்கைதான், ஹைபிரிட் ரகத்தில் மூன்றாம் வரிசை கிடையாது. பின்சாமான் பெட்டியும் சாதா எக்ஸ்5-இன் 650 லிட்டரிலிருந்து 500 ஆகச் சுருங்கிவிட்டது. எக்ஸ்சி90-இல் ஏழு பேர். கடைசி வரிசை 170 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்கு என்று வோல்வோவே சொல்கிறது. தாத்தா பாட்டியோடு தேக்காவுக்கும் கோயிலுக்கும் போகும் வீட்டில், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிவிட்டால் ஒரே காரில் முடிந்தது. ஆனால் ஏழு பேரும் ஏறினால் சாமான் வைக்க இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஏழு இருக்கை மாதம் இரண்டு முறைக்கு மேல் தேவைப்படும் என்றால் எக்ஸ்5-ஐ மறந்துவிடலாம், வேறு எந்த எண்ணும் இதை மாற்றாது.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். இரண்டு காரும் நீளத்தில் வெளியே நீட்டும். அகலத்தில் எக்ஸ்5 கண்ணாடி நீங்கலாகவே 2 மீட்டர், எக்ஸ்சி90 1.92. இந்த எட்டு சென்டிமீட்டர் பக்கத்துக்கு நான்காகப் பிரிந்துவிடும். பெரியவர்கள் இறங்கும்போது அந்த நான்கு தெரியும்.

காஸ்வேயைத் தாண்டினால்

சிங்கப்பூர்ப் பதிவுக் கார் மலேசியாவுக்குப் போகச் சோதனைச்சாவடியைக் கடக்கும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பாகம் நிரம்பியிருக்க வேண்டும். பேட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் இந்த விதி பிளக்-இன் ஹைபிரிட்டுக்கும் உண்டு. இரண்டிலும் தொட்டி 70 லிட்டர் அளவு, ஆக 52 லிட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மின்சாரத்திலேயே ஓட்டிவிட்டு வெள்ளி மாலை துவாஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்று மீட்டரைப் பார்ப்பவர்கள் உண்டு. பிடிபட்டால் 500 வெள்ளி வரை அபராதம். அங்கே போய் நிரப்பும்போது ரான் 97 ரகப் பெட்ரோல் மட்டும். ரான் 95 வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு விற்கக்கூடாது.

இந்தக் கார்களின் பெட்ரோல் தொட்டி அழுத்தத்தில் மூடப்பட்டது. ஆவி வெளியேறாமல் இருக்க அப்படி. மூடியை நேராகத் திறக்க முடியாது. உள்ளே பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கித் திரையில் தயார் என்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஊழியர் வந்து மூடியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், நாம்தான் சொல்ல வேண்டும்.

மலேசியாவின் கெந்திங் மலை போன்ற ஏற்றத்துக்கு: நெடுஞ்சாலையில் பேட்டரியைச் சேமிக்கும் முறையில் வைத்து, அடிவாரத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இருக்குமாறு வந்து சேருங்கள். வோல்வோவுக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் பேட்டரி இருந்தால்தான் பின்மோட்டார் முழுசாகத் தள்ளும். உச்சியில் விடுதி சார்ஜரில் முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் இறக்கத்தில் பிறக்கும் மின்சாரம் போக இடமில்லாததால் மோட்டாரின் பிடி குறைந்து, பாரம் முழுவதும் பிரேக் தட்டுகள் மேல் விழும்.

எது பழுதாகும், ஏன்

பேட்டரி ஆயுளுக்குப் பயப்படுவதைவிட சுழற்சியை எண்ணிப் பாருங்கள். தினமும் சார்ஜ் செய்யும் வீட்டில் எக்ஸ்5 ஆண்டுக்கு 150 முழுச் சுழற்சி, வோல்வோ 210 அளவில். பத்து ஆண்டு சிஓஇ முடியும்போது 1,500-க்கு எதிராக 2,100. சின்னப் பேட்டரி அதிகம் உழைக்கிறது. அதற்கு ஈடாக வோல்வோ மொத்தத்தில் 78 விழுக்காட்டைத்தான் பயன்படுத்தவிடுகிறது, பிஎம்டபிள்யூ 87. பேட்டரிக்கு உத்தரவாதம் பொதுவாக 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். கடைசி இரண்டு ஆண்டு உங்கள் பொறுப்பு. கொள்ளளவு எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளி இறக்குமதியாளரிடம் வாங்கினால், உத்தரவாதத்தை யார் தாங்குகிறார்கள் என்பது இன்னும் முக்கியம்.

அதிகம் தொல்லை தருவது பெரிய பேட்டரி இல்லை, 12 வோல்ட் சின்ன பேட்டரிதான். டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் கதவே திறக்காது. பெரிய பேட்டரியில் மின்சாரம் இருந்தும் அதை இணைக்கும் ரிலேவை இழுக்கச் சின்ன பேட்டரியில் தெம்பு இருக்காது. சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவி எங்கே நுழையும் என்று ஊருக்குப் போகும் முன்பே பார்த்து வையுங்கள். பெரிய பேட்டரியை அரைவாசியில் விட்டுப் போவது நல்லது. வெயில் படும் மேல்தளத்தில் நூறு விழுக்காட்டில் விட்டுப் போவது கெடுதல்.

இன்ஜின் குறைவாக ஓடுவதால் எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று நினைக்கக்கூடாது. தீவு விரைவுச்சாலையில் சேரும்போது முழு அழுத்தம் கொடுத்தால், அதுவரை தூங்கிய இன்ஜின் குளிராகவே எழுந்து வேலை செய்யும். சூடேறும் முன் மறுபடி அணைந்துவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் கலக்கின்றன. கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வாரம் ஒரு முறை அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு விரைவுச்சாலையில் போய்வாருங்கள்.

பிரேக் தட்டுகள் தேய்வதற்கு முன் துருப்பிடிக்கின்றன. மோட்டாரே பெரும்பாலும் வண்டியை நிறுத்திவிடுவதால் தட்டுகள் உரசுவது குறைவு, நம்மூர் ஈரப்பதம் மீதியைச் செய்கிறது. டயர் இதற்கு நேர்மாறாகச் சீக்கிரம் போகும். 21 அங்குலச் சக்கரம் போட்ட எக்ஸ்5-இல் முன் 275, பின் 315 என்று அகலம் வேறுபடும். முன்பின் மாற்றிப்போட முடியாது. எக்ஸ்சி90-இல் நான்கும் ஒரே அளவு.

பழைய வண்டி வாங்குவோருக்கு: இரண்டு நிறுவனங்களுமே பிரேக் சம்பந்தமாக வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கின்றன. 2024இல் பிஎம்டபிள்யூ, கான்டினென்டல் தயாரித்த பிரேக் அமைப்புக்காக உலக அளவில் 15 லட்சம் வண்டிகளை அழைத்தது. எக்ஸ்5-உம் அதில் ஒன்று. 2025இல் அமெரிக்காவில் வோல்வோ, ஒரு மென்பொருள் பதிப்பைப் பெற்ற பிளக்-இன் ஹைபிரிட்களை அழைத்தது. மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் பி முறையில் நீண்ட இறக்கத்தில் இறங்கினால் பிரேக் செயலிழக்கலாம் என்பது காரணம். திருத்தமும் மென்பொருள் வழியாகவே வந்தது. வண்டி எண்ணைக் கொடுத்து, நிலுவையில் அழைப்பு எதுவும் இல்லை என்று முகவரிடம் எழுதி வாங்காமல் முன்பணம் கட்ட வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது

காட்சியறை வண்டி எப்போதும் முழுச் சார்ஜில் நிற்கும். இரண்டுமே அப்போது இனிக்கும். முன்கூட்டியே சொல்லிவைத்து, பேட்டரி காலியான வண்டியைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் ஸ்போர்ட் முறையில் இருபது நிமிடம் ஓட்டிப் பேட்டரியை இறக்குங்கள். அதன் பிறகு நான்கு காரியம்: மவுண்ட் ஃபேபர் போன்ற ஒரு மேட்டில் பாதியில் நிறுத்தி ஏற்றுங்கள். நெரிசலில் ஊர்ந்து, இன்ஜின் எழுவதும் அணைவதும் காலுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். மெதுவாகப் பிரேக் பிடித்து, மோட்டார் விட்டுத் தட்டு பிடிக்கும் அந்த இடத்தில் உதறல் உண்டா என்று கவனியுங்கள். கடைசியாக, அனுமதி வாங்கி உங்கள் புளோக்குக்கே ஓட்டிவந்து, நீங்கள் வழக்கமாக நிறுத்தும் தளத்தில் பின்னால் எடுத்து நிறுத்தி, சார்ஜரில் கேபிளை மாட்டிப் பாருங்கள். எட்டுகிறதா?